முன்கணிப்பு குடித்த மண்ணெண்ணெய்

ஒரு நோயைத் தடுக்க வேண்டுமானால் அது எத்தனை பேருக்கு வரப்போகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இதை மறுப்பவர் எவரும் இலர். ஒரேயொருவர் மறுத்தார். அவர் கொடிகாமத்தில் ஓர் அகதி முகாமில் இருந்தபடியால் அவருடைய கருத்தை நாங்கள் பதிவு செய்யவில்லை.

மேற்படி உண்மையை நிலைநாட்டும் பொருட்டு, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாரிக்குச் சற்று முன்னதாக, நல்லூரில் 'தொற்றுநோய் முன்கணிப்பு மற்றும் தடுப்பு இணைப்புச் செயலகம்' திறந்துவைக்கப்பட்டது. கனடாவுக்குப் போன யாரோ ஒருவரின் வீட்டு முன்னறை, நாலு கதிரை, பூட்டில்லாத ஓர் அலுமாரி, பிறகு அந்தப் பெயர்ப்பலகை. பெயர் நீளமானதால் பலகையும் நீண்டுவிட்டது. நல்ல முதிரை மரம். கேற்றைவிட அகலமாக இருந்ததால் அதைக் குறுக்கே மாட்டியபோது பாதி வழி அடைபட்டது. வருபவர்கள் பக்கவாட்டாகத் திரும்பித்தான் உள்ளே வரவேண்டும். நான் அங்கே எழுதுவினைஞர். பெயர் அருளம்பலம்.

அந்நாட்களில் யாழ்ப்பாணத்தில் என்னென்ன இல்லை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. அரசாங்கத்துக்கு மட்டும் குறைவில்லை. ஒன்றுக்கு இரண்டு இருந்தது. மண்ணெண்ணெயை ஆட்கள் கோயில் தீர்த்தம் போல உள்ளங்கையில் வாங்கிப் போனார்கள். அப்படிப்பட்ட காலத்தில், ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனம் நோய்த் தடுப்புக்கென்று ஆறு பரல், அதாவது ஆறு பெரிய பீப்பாய், மண்ணெண்ணெயை எங்கள் கையில் தந்தது. ஒரேயொரு நிபந்தனைதான். 'விஞ்ஞானபூர்வமான மதிப்பீட்டின் அடிப்படையில்' அதைப் பங்கிட வேண்டும். அந்த நிபந்தனையை நிறைவேற்றத்தான் செயலகம்.

இணைப்பாளராக இராசநாயகம் ஐயா நியமிக்கப்பட்டார். முப்பது வருசம் அரசாங்க சேவையில் இருந்து ஓய்வுபெற்றவர். தன் சேவைக் காலத்தில் ஒருவருக்கும் 'இல்லை' என்று சொன்னதில்லை என்று பெருமையாகச் சொல்லுவார். உண்மைதான். 'ஓம்' என்றும் அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

செயலகம் திறந்த கிழமையே லூர்த்தம்மா வந்துவிட்டார். காங்கேசன்துறைப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமுக்குத் தலைவி. கடற்கரையில் காற்றோடு கத்திக் கதைத்துப் பழகியவர். அறைக்குள்ளேயும் அதே சத்தம்தான். அவருடைய தமையன் சூசைதாசன் சயிக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து, கேற்றடியில் நின்று பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்கடை முகாமிலை ஒரே ஒரு கிணறு. கக்கூசு அதுக்குப் பக்கத்திலை. மழை துவங்கினால் ரெண்டும் ஒண்டாய்ப் போயிடும்" என்றார் லூர்த்தம்மா. "கிணத்துக்குப் போடுற குளோரீன் கப்பலிலை வருமெண்டினம். கப்பல் வரேல்லை. தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தான் பிள்ளையளுக்குக் குடுக்கோணும். மாரிக்கு விறகெல்லாம் நனைஞ்சு கிடக்கும், எண்ணெய் விடாமல் பத்தி எரியாது. ஒரு பரல் தாருங்கோ."

"உங்கடை முகாமிலை இப்ப எத்தினை பேருக்கு வயித்தோட்டம்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"ஒருத்தருக்கும் இல்லாத வருத்தத்துக்கு ஒரு பரல் எண்ணெயோ?"

"வந்தாப்பிறகு கொதிக்க வைச்சு என்ன செய்யிறது?"

"அம்மா, வராத வருத்தத்தை நாங்கள் தடுத்தமெண்டு நான் எப்பிடி அறிக்கை எழுதுறது?" என்று ஐயா மிகவும் அன்பாகக் கேட்டார். "விஞ்ஞானபூர்வமாய் மதிப்பிட்டு அறிவிப்பம். போயிட்டு வாருங்கோ."

லூர்த்தம்மா வெளியே போய்த் தமையனிடம் நடந்ததைச் சொன்னார். சூசைதாசன் பலகையைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல மரம் தங்கச்சி. இதைக் கழட்டிக்கொண்டு போனாலே ரெண்டு நாளைக்குத் தண்ணி கொதிக்க வைக்கலாம்" என்றார்.

நான் யன்னலால் கேட்டுச் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை. பலகைக்கு மேலதிகமாக இரண்டு ஆணி அடிக்கச் சொன்னார்.

விஞ்ஞானம் பத்து நாள் கழித்து வந்தது. கலாநிதி ஞானரட்ணம் என்ற பெயரில், கிளாலிக் கடலை இரவு வள்ளத்தில் கடந்து, மடியில் ஒரு பெட்டியோடு வந்தது. ஞானரட்ணம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, இங்கிலாந்தில் கணிதம் படிப்பித்தவர். நல்ல மனிதர். இது முழுவதிலும் அவர் ஒருவர்மீது எனக்குக் கோபம் இல்லை. தன்னுடைய ஊர்ச் சனத்துக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கொம்பியூட்டர் ஒன்றையும், அதற்குள் போடும் கணிதப் புறோகிறாம் அடங்கிய தட்டுகளையும் பொலித்தீனில் சுற்றி, நனையாமல் கொண்டுவந்தார். அவருடைய உடுப்புப் பெட்டி நனைந்துவிட்டது.

"சனத்தை மூண்டு பெட்டியாய்ப் பிரிக்கிறது" என்று அவர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். "ஒண்டு, இனி வருத்தம் வரக்கூடியவை. ரெண்டு, இப்ப வந்திருக்கிறவை. மூண்டு, வந்து போனவை. முதல் பெட்டியிலையிருந்து ரெண்டுக்கும், ரெண்டிலையிருந்து மூண்டுக்கும் ஆக்கள் என்ன வேகத்திலை போகினமெண்டு சமன்பாடு எழுதினால் மிச்சத்தைப் புறோகிறாம் பார்க்கும். கோடு கீறிக் காட்டும்."

இராசநாயகம் ஐயாவின் முகம் மலர்ந்தது. "எங்கடை கந்தோர்க் கோப்பு மாதிரித்தான். வரவேண்டியது, நடவடிக்கையில் உள்ளது, முடிவுற்றது."

"அப்பிடித்தான். ஒரு நோயாளி சராசரியாய் ஒண்டு தசம் எட்டுப் பேருக்குப் பரப்புவார்."

"அந்தத் தசம் எட்டு ஆள் ஆர்?" என்று ஐயா என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

கொம்பியூட்டருக்குக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு ஜெனரேற்றர் வேண்டும். மூடிக்கிடந்த ஒரு ஐஸ்கிறீம் கடையின் ஜெனரேற்றரை இழுத்துவந்தோம். ஐஸ்கிறீம் பெட்டிகளை வரிசையாகக் குளிரவைத்த இயந்திரம் அது. ஒரு சின்னக் கொம்பியூட்டருக்கென்று சிக்கனமாக ஓட அதற்குத் தெரியாது. குழந்தையின் சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோல் பருக்கினால்தான் கண் திறக்கும். திறந்தால் மண்ணெண்ணெயை மடமடவென்று குடிக்கும். அந்த மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? பரல்களை எல்லாரும் பார்த்தோம்.

"தடுப்புக்கு வந்த எண்ணெயைக் கணிப்புக்குப் பாவிக்கலாமோ?" என்று ஞானரட்ணமே தயங்கினார்.

"கணிப்பு தடுப்பின் முதற்படி. முதற்படியில் ஏறாமல் எவரும் இரண்டாம் படிக்குப் போக முடியாது. அருளம்பலம், இதைக் கூட்டக் குறிப்பிலை எழுதும்" என்றார் ஐயா. எழுதினேன்.

முதல் முறை கோடு பாதி வந்தபோது ஜெனரேற்றர் நின்றது. தொடக்கத்திலிருந்து கீறினோம். இரண்டாம் முறை கோடு முழுதாக வந்தது; ஆனால் ஞானரட்ணம் மழைவீழ்ச்சியைச் சேர்க்க மறந்துவிட்டார். மூன்றாம் முறை ஈயை, எங்கள் இலையானைச் சேர்த்தார். இலையான் சேர்ந்ததும் கோடு நல்ல வடிவாக வந்தது. முதல் பரல் முடிந்தது.

உண்மையில் வந்தவை இரண்டு கோடுகள். தண்ணீரைக் கொதிக்க வைக்காவிட்டால் என்னவாகும் என்பது ஒன்று. அது கொடிகாமத்தில் நூற்றிருபது பேர் வரை ஏறி இறங்கியது. கொதிக்க வைத்தால் என்னவாகும் என்பது மற்றது. அது தரையோடு தரையாகக் கிடந்தது.

"எது சரி?" என்றார் ஐயா.

"ரெண்டும் சரி, சேர். நாங்கள் என்ன செய்யிறமோ அதைப் பொறுத்தது."

"வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் மாதிரி" என்றேன் நான், உதவிசெய்யும் நோக்கத்துடன். எங்கள் ஊரில் ஒரே விரதத்துக்கு இரண்டு நாள் சொல்ல இரண்டு பஞ்சாங்கம் இருப்பதால், இதில் எங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. எந்தப் பஞ்சாங்கத்தைக் கடைப்பிடிப்பது என்பதுதான் கேள்வி.

ஐயா ஓர் இரவு யோசித்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். கிடக்கிற கோட்டை ஏற்றால் நோயாளரே இல்லை. நோயாளர் இல்லாத இடத்துக்கு எண்ணெய் ஒதுக்க விதி இல்லை. ஏறுகிற கோட்டை ஏற்றால் எண்ணெய் ஒதுக்கலாம். ஆனால் ஒதுக்கினால் அவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடுவார்கள். கொதிக்க வைத்தால் கோடு ஏறாது. கோடு ஏறாவிட்டால் முன்கணிப்புப் பிழை. முன்கணிப்புப் பிழைத்தால் அடுத்த முறை எங்களை நம்பி ஒருவரும் எண்ணெய் தரமாட்டார்கள். ஆகவே சனத்தின் நீண்டகால நன்மையைக் கருதி, ஏறுகிற கோட்டை ஏற்பது. எண்ணெயை இப்போதைக்கு ஒதுக்காமல் வைப்பது.

ஞானரட்ணம் மறுக்கத் தொடங்கினார். பிறகு திரையிலிருந்த கோட்டைப் பார்த்தார். அவ்வளவு வடிவான கோடு பிழைத்துப்போவதை அவராலும் தாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. கோட்டுக்குக் கீழே திகதி போட்டார்.

பிரிவு வாரியாக முன்கணிப்புத் தொகையை நாங்கள் வெளியிட்ட அன்றே சண்டை துவங்கியது. வலிகாமத்தில் ஒரு கிராமத்தின் முன்னேற்றச் சங்கத் தலைவர் கதிரவேலு, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, பலகையில் தலை முட்டி உள்ளே வந்தார்.

"எங்கடை ஊருக்குப் பதினாலு பேர் எண்டு போட்டிருக்கிறியள். பக்கத்து ஊருக்கு முப்பது. இது என்ன நியாயம்?"

"குறைச்சலாய் வாறது நல்லதுதானே அண்ணை" என்றேன்.

"தம்பி, எங்கடை ஊரிலை ஏழு டொக்டர்மார், பதினொரு எஞ்சினியர்மார். போன வருசம் சோதினைப் பெறுபேற்றிலை நாங்கள்தான் முதல். உவங்கடை ஊரிலை ஒரு தபால் கந்தோர் கூட இல்லை. வயித்தோட்டத்திலை மட்டும் அவங்களுக்குப் பின்னாலை நாங்கள் நிக்கோணுமோ?"

"இது கணிதம் சொல்லுற தொகை" என்றார் ஞானரட்ணம்.

"கம்பசுக்குப் பிள்ளையளை எடுக்கேக்கையும் கணிதமெண்டுதான் சொன்னவங்கள். தரப்படுத்தலெண்டு மாவட்டத்துக்கு மாவட்டம் புள்ளியைக் கூட்டிக் குறைச்சு எங்கடை பிள்ளையளை வெட்டினாங்கள். இப்ப நீங்களும் வெட்டப் போறியளோ?"

இதைக் கேட்டதும் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களில் எவருக்குத்தான் கலங்காது? உடனே ஒரு புதிய முறை வகுக்கப்பட்டது. நோயாளரில் ஒரு பங்கு திறமை அடிப்படையில், ஒரு பங்கு சனத்தொகை அடிப்படையில், மிகுதி பின்தங்கிய பகுதிகளுக்கு. இதைப் புறோகிறாமுக்குள் புகுத்துவதற்கு இரண்டு பரல் போனது. கதிரவேலுவின் ஊருக்கு முப்பத்தொன்று கிடைத்தது. அன்று பின்னேரம் அவர்கள் வெடி கொளுத்தினார்கள்.

நல்லூருக்கு மட்டும் சைபர் போட்டோம். செயலகம் அமைந்துள்ள இடத்தில் நோய் வருவது செயலகத்துக்கு அவமரியாதை என்று ஐயா கருதினார். நோயாளரை வைக்கும் கொட்டில், கட்டில், சேலைன் எல்லாம் முன்கணிப்புத் தொகைப்படி பங்கிடப்பட்டதால் நல்லூருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. கொடிகாமத்துக்குத்தான் கூடுதலாகக் கிடைத்தது. கூடவே ஒரு சுற்றுநிருபமும் போனது: ஒவ்வொரு கொட்டிலும் தன் பிரிவில் வசிப்போரை மாத்திரம், அதுவும் முன்கணிக்கப்பட்ட தொகைக்கு மேற்படாமல், ஏற்றுக்கொள்ளல் வேண்டும். ஒப்பம், இராசநாயகம்.

இதற்கிடையில் ஊருக்கு முன்கணிப்பு விசர் பிடித்துவிட்டது. செபநாயகம் மாஸ்ரர் தன் ரியூட்டரியில் 'கொம்பியூட்டர் மூலம் தொற்றுநோய்க் கணிதம்' என்று வகுப்புத் துவங்கினார். கொம்பியூட்டர் இல்லை. கரும்பலகையில் விசைப்பலகையைக் கீறி, பிள்ளைகளை மட்டையில் கீறிக்கொண்டு வரச்சொன்னார். எல்லாரும் மட்டையில் தட்டினார்கள். நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் பிள்ளையும் அதில் இருந்தது. கலியாணத் தரகர்கள் 'பெடியன் கணிப்புப் படிச்சவன்' என்று சீதனத்தைக் கூட்டினார்கள். ஞானரட்ணம் ஒருநாள் அங்கே போய்ப் பாடம் எடுத்தார். நன்றாகத்தான் எடுத்தார். கடைசி வாங்கிலிருந்த ஒரு பெட்டைப் பிள்ளை எழும்பி, "சேர், தண்ணியைக் கொதிக்க வைச்சால் முதலாம் பெட்டியிலையிருந்து ஒருத்தரும் வெளிக்கிடாயினமே?" என்று கேட்டது.

"அது சோதினைக்கு வராது" என்றார் செபநாயகம் மாஸ்ரர். எல்லாரும் குறிப்பிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

மழை துவங்கியது. லூர்த்தம்மா திரும்பவும் வந்தார். இந்த முறை தயாராக வந்திருந்தார்.

"ஐயா, முகாமிலை அறுபது பேருக்கு வயித்தாலை போகுது. எண்ணெய் தாருங்கோ."

ஞானரட்ணம் கோட்டில் விரலை வைத்துப் பார்த்தார். "இந்தத் திகதிக்கு அப்பிடி இருக்க ஏலாதே. மூண்டு பேர்தான் இருக்கலாம்."

லூர்த்தம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "மூண்டு பேர்தான்" என்றார் கொஞ்சம் தணிந்து. "பொய் சொன்னாலாவது தருவியள் எண்டு நினைச்சன்."

"பாத்தியளோ, எவ்வளவு சரியாய் இருக்கு!" என்று ஞானரட்ணம் எழும்பியே விட்டார். ஐயா அவருக்குக் கை கொடுத்தார். மூன்றே பேர் என்பது உறுதியானதால், அவசரத் தேவை இல்லை என்று லூர்த்தம்மாவுக்கு எழுத்தில் கொடுத்து அனுப்பினோம்.

அதன் பிறகு கோடு ஏறியது. முகாமும் கூடவே ஏறியது. கொட்டிலில் தாதியாக இருந்த அற்புதராணி நாளாந்தம் தொகையை எழுதி அனுப்ப, ஞானரட்ணம் அதைப் புள்ளியாகக் கோட்டின்மேல் வைப்பார். புள்ளி கோட்டில் சரியாக உட்காரும். அதை உடனுக்குடன் திரையில் பார்ப்பதற்காக ஜெனரேற்றர் தினமும் ஓடியது. நாலாவது பரலும் ஐந்தாவது பரலும் அப்படித்தான் போயின.

லூர்த்தம்மா மூன்றாம் முறை வந்தபோது சயிக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். கேற்றடியில் யாரும் நிற்கவில்லை. கறுப்புச் சேலை கட்டியிருந்தார்.

"அண்ணை செத்துப்போனார்" என்றார். சத்தம் போடவில்லை. "சனிக்கிழமை. ரெண்டு நாள் வயித்தாலை போச்சுது, அவ்வளவுதான். அதை உங்கடை பெட்டியிலை எங்கை போட்டிருக்கிறியள் எண்டு பாக்க வந்தனான்."

ஞானரட்ணம் கதிரையை விட்டு எழும்பினார். "மூண்டாவதிலை, அம்மா" என்றார்.

"வந்து போனவையிலையோ?"

"கணிதப்படி, இனி அவருக்கு வராது. அவராலை வேறை ஆருக்கும் பரவாது. வருத்தம் மாறிச் சுகமான ஆக்களுக்கும் அப்பிடித்தான். அதாலை ரெண்டும் ஒண்டு."

"வந்து போனவர்தான்" என்றார் லூர்த்தம்மா. "உங்கை கேற்றடியிலை வந்து நிண்டிட்டுப் போனவர்." பிறகு கேட்டார்: "எத்தினை பரல் மிச்சம்?"

"ஒண்டு" என்றேன் நான். ஐயா என்னை முறைத்தார்.

"அதைத் தாருங்கோ. இன்னும் நாப்பது பேருக்கு வரப்போகுதெண்டு உங்கடை கோடே சொல்லுது. அதிலை அரைவாசி பிள்ளையள்."

"அது ஒப்பீட்டு விழாவுக்கு" என்றார் ஐயா. "முன்கணிப்பும் நடைமுறையும் ஒத்துப்போனதை வெளிநாட்டு நிறுவனத்தின் பிரதிநிதிக்குக் கொம்பியூட்டரிலை காட்ட வேண்டும். காட்டினால்தான் அடுத்த வருசத்துக்கு எண்ணெய் வரும். உங்களுக்காகத்தான் அம்மா இவ்வளவும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் மண்ணெண்ணெய் வராது என்று தெரிந்ததால் கோப்பை அடுக்கினேன். லூர்த்தம்மா போகும்போது பலகையில் ஒருமுறை கையை வைத்துவிட்டுப் போனார்.

விழாவைக் கொடிகாமத்திலேயே வைத்தோம். முன்கணிப்பை மதித்து நோய் நடந்துகொண்ட இடம் அதுதானே. கொம்பியூட்டர், ஜெனரேற்றர், கடைசிப் பரல், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிப்போய், பலகையை முகாம் வாசற்கூரைக்குக் கீழே கட்டினோம். நாதஸ்வரம் வைத்தோம். கோடு திரையில் ஏறி இறங்கியபோது கைதட்டல். பிரதிநிதி குனிந்து குனிந்து பார்த்தார். ஞானரட்ணம் மட்டும் நேர்மையாக ஒரு குறையைச் சொன்னார்.

"கொடிகாமத்துக்கு நூற்றிருபது எண்டு சொன்னனாங்கள். நூற்றிப்பன்னிரண்டோடை நிண்டிட்டுது. எட்டுப் பேர் குறையுது."

"வருவினம், வருவினம்" என்று ஐயா சபைக்கு உறுதியளித்தார்.

பிறகு உபசாரம். தேநீர் போட எண்ணெய் இல்லை; ஜெனரேற்றருக்குப் போய்விட்டது. ஆகவே முகாம் கிணற்றுத் தண்ணீரில் நன்னாரி சர்பத் கரைத்து, பெரிய மனிதர்களுக்கு மட்டும் கண்ணாடிக் குவளையில் பரிமாறினோம். பிரதிநிதி தன்னுடைய போத்தல் தண்ணீரைக் குடித்தார். நாங்கள் அதை ஒரு மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொண்டோம். திரும்பும்போது லொறியில் கதிரைகளுக்கு மேலே பலகைக்கு இடம் போதவில்லை. பிறகு எடுக்கலாம் என்று விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாம் நாள் விடியவே எனக்கு வயிறு கலக்கியது. செயலகத்துக்குப் போனால் அங்குள்ள ஒரேயொரு கக்கூசுக்கு முன்னால் ஐயா, ஞானரட்ணம், செபநாயகம் மாஸ்ரர், சால்வை இல்லாமல் கதிரவேலு, விழாவில் சர்பத் குடித்த இன்னும் மூன்று பேர் எல்லாரும் பதவி வரிசைப்படி நின்றார்கள். மத்தியானத்துக்குள் நிற்க முடியாமல் உட்கார்ந்தார்கள்.

"நல்லூரிலை கொட்டில் எங்கை?" என்று ஐயா முனகினார்.

"நல்லூருக்குச் சைபர், ஐயா."

"சேலைன்?"

"சைபர்."

ஆகவே ஒரு வான் வண்டியைப் பிடித்துக் கொடிகாமத்துக்கே போனோம். வழியில் எத்தனை இடத்தில் நிறுத்தினோம் என்பதை நான் எழுதப்போவதில்லை. கொட்டில் வாசலில் அற்புதராணி மறித்தார். அவர் கையில் எங்கள் சுற்றுநிருபம்.

"கொடிகாமத்திலை வசிக்கிற ஆக்களை மட்டும்தான் எடுக்கலாம் எண்டு கிடக்கு."

"பிள்ளை, அதிலை கையெழுத்து வைச்சது நான்தான்" என்றார் ஐயா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"அதாலைதான் ஐயா பயமாயிருக்கு. முகாம் தலைவி ஓமெண்டால் எழுதுறன்."

லூர்த்தம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஐயாவிடம் வந்ததும் நின்றார். ஐயா தலையைக் குனிந்தார். முப்பது வருசச் சேவையில் அவர் ஒருவருடைய 'ஓம்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"எங்கடை கிணத்துத் தண்ணி குடிச்சவை" என்றார் லூர்த்தம்மா. "எங்கடை ஆக்கள்தான். எழுது பிள்ளை."

எங்களைக் கட்டிலில் கிடத்தினார்கள். வெளியே மழை கொட்டியது. குடிக்கத் தண்ணீர் கேட்டோம். கொதித்த தண்ணீர் இல்லை. விறகு ஊறிப்போயிருந்தது, எண்ணெய்ப் பரல் ஒவ்வொன்றும் காலி. சிறிது நேரத்தில் வாசல் பக்கம் கோடாலிச் சத்தம் கேட்டது. 'முன்கணிப்பு' முதலில் பிளந்தது. பிறகு 'இணைப்புச் செயலகம்'. முதிரை, அதுவும் கூரைக்குக் கீழே காய்ந்த முதிரை, மேலே பெயின்ற், நன்றாக எரிந்தது. கிடாரத்தில் கொதித்த தண்ணீரை ஆறவைத்து முகாம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மிச்சத்தை எங்களுக்கும் கொடுத்தார்கள். பலகை சரியாக இரண்டு நாளைக்குப் போதுமாயிருந்தது. முகாமில் ஒருவருக்கும் புதிதாக வரவில்லை.

மூன்றாம் நாள் ஞானரட்ணம் தலையைத் தூக்கிக் கட்டில்களை எண்ணினார்.

"அருளம்பலம், நாங்கள் எத்தினை பேர்?"

"எட்டு" என்றேன் நான்.

"கொடிகாமத்திலை பதிஞ்சதோ?"

"ஓம்."

"அப்ப நூற்றிருபது" என்றார் அவர். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஐயாவோ எழும்பி உட்கார்ந்துவிட்டார். சேலைன் ஊசி ஏறிய கையாலேயே எனக்கு அறிக்கை சொல்லத் துவங்கினார்.

அந்த அறிக்கை வெளிநாட்டில் பெரிய மதிப்புப் பெற்றது. எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை ஓர் ஆள் பிசகாமல் அறியக்கூடிய ஒரு பிரதேசத்துக்கு மண்ணெண்ணெய் அவசியமில்லை என்று நிறுவனம் தீர்மானித்தது. இந்த வருசம் எண்ணெய்க்குப் பதிலாக இரண்டாவது கொம்பியூட்டர் வந்தது. அதற்கு நாங்கள் எல்லாரும் மாலை போட்டோம். ஞானரட்ணம் மட்டும் வரவில்லை. அவர் இப்போது கொடிகாமத்தில் கக்கூசுக்குக் குழி வெட்டுகிறார் என்று கேள்வி.

பழையதைவிட ஒன்றரை மடங்கு நீளத்தில் புதிய பெயர்ப்பலகையும் செய்தோம். அதை மாட்டிய அன்று லூர்த்தம்மா வந்தார். எண்ணெய் கேட்கவில்லை. பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தட்டிக்கொண்டு நடந்தார்.

"ஐயா, எங்கடை முகாமிலை உங்கடை கந்தோருக்கு ஒரு கிளை திறக்கோணும்" என்றார்.

ஐயாவுக்குப் பூரிப்பு. "விஞ்ஞானத்திலை இவ்வளவு பற்றோ அம்மா! இந்தக் கிழமை மட்டும் ஒன்பது முகாம் கேட்டு எழுதியிருக்கு. ஆனால் அவ்வளவு பேருக்கும் அனுப்ப எங்களிட்டை உத்தியோகத்தர் இல்லையே."

"உத்தியோகத்தர் வேண்டாம் ஐயா" என்றார் லூர்த்தம்மா. "மாரிக்கு முதல் பலகையை மட்டும் அனுப்பிவிடுங்கோ."